தகரக் கூரையில் மழை

செலீனின் காதுகளுக்கு ஒருமுறை ஜெர்மனியிலிருந்து சொக்லேட் வந்தது. அவளுக்கு அல்ல, காதுகளுக்கு. ‘இந்தப் பாட்டுப் பெட்டியைக் கேட்டுத் தந்த அம்மாவின் இரண்டு காதுகளுக்கும் அன்புடன்’ என்று அட்டையில் எழுதி, பழைய அமெரிக்கப் பாட்டென்றால் உயிரை விடுகிற ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். மொன்றியலின் லாசால் பகுதியில் அவள் வேலை செய்த இசைத்தட்டு ஆலை அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே அதைத் தின்று தீர்த்தது. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனபோது கணவர் பேனாட், "காதுக்கு வந்த சாமானை நாங்கள் வாயிலை போடலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

சிரிக்கிற பகுதி அத்தோடு சரி. மீதிக் கதையில் சிரிப்புக்கு அதிகம் இடமில்லை என்பதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அந்த ஆலையின் பிழைப்பு செத்துப்போனவர்களின் குரலில் நடந்தது. அமெரிக்க மலைநாட்டுப் பக்கம் அறுபது எழுபது வருடங்களுக்கு முன்னால் பதிவு செய்து, பிறகு ஊர் உலகமே மறந்துபோன கன்ட்ரி, புளூகிராஸ் பாட்டுகளைத் தேடிப்பிடித்து, புதிதாகக் கறுப்புத் தட்டில் அடித்து, தடித்த பெட்டியில் போட்டு விற்பார்கள். முதலாளி றெமி, பிரெஞ்சு பேசுகிற கெபெக்காரர், தகப்பன் விட்டுப்போன ஆலையை முக்கி முனகி நடத்திக்கொண்டிருந்தவர். எல்லாவற்றையும் கணினி கேட்டுத் தள்ளுகிற காலத்தில் ‘எங்கள் தட்டை மனிதக் காது கேட்கிறது’ என்பதுதான் அவருடைய வியாபாரத் தந்திரம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நீல நிறத்தில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். ‘முழுவதும் கேட்டவர்: செலீன்’ என்று அதில் அச்சடித்திருப்பார்கள்.

கேட்பது என்றால் காலாட்டிக்கொண்டு கேட்பதல்ல. பழைய பதிவுகளில் சத்தம் மண்டிக் கிடக்கும். பாடுகிறவன் காலால் தாளம் போடுவான், கதிரை கிரீச்சிடும், வெளியே நாய் குரைக்கும், பிடில்காரன் மூக்கை உறிஞ்சுவான். அதெல்லாம் இருக்கத்தான் வேண்டும். மூக்குறிஞ்சலைக் காணோம் என்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளர்களும் உண்டு. ஆனால் ஆலையில் தட்டு அடிக்கும்போது புகுந்த சத்தம் ஒரு துளியும் இருக்கக் கூடாது. எது செத்தவனுடைய சத்தம், எது ஆலைப் பொறியின் சத்தம் என்று பிரித்துச் சொல்வதுதான் செலீனின் உத்தியோகம்.

மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண்ணுக்கும் பாஞ்சோ வாத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு சம்பந்தமும் இல்லை. வந்த புதிதில் அவள் கீழே பொறிகளுக்கு நடுவே நீராவியில் வெந்துகொண்டு நின்றவள். பாஞ்சோச் சத்தம் வாலில் தகரப் பேணி கட்டிவிட்ட நாய் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றுதான் பேனாட்டிடம் சொன்னாள். பிறகு ஒரு நாள், தாயைப் புதைத்துவிட்டு வந்த இரண்டு பேர் உச்சக் குரலில் இழுத்து இழுத்துப் பாடுவதைக் கேட்டாள். கை அப்படியே நின்றுவிட்டது. தவக்காலத்தில் கோயிலில் யேசுவின் பாடுகளை ஒப்பாரியாகப் பாடுகிற பசாம் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே மனப்பாடம். அதே இழுவை, அதே செத்தவீட்டுக் குரல். அன்றிலிருந்து அந்தப் பாட்டு அவளுக்குச் சொந்தப் பாட்டாகிவிட்டது.

மேலே கேட்கும் அறைக்குப் போனதும் ஒரு தற்செயல்தான். மதியச் சாப்பாட்டு நேரம் றெமி ஒரு மாதிரித் தட்டைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையாட்ட, செலீன் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று ஏதோ தட்டுகிறது என்றாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டிப் போட்டபோது அது இருந்தது. றெமி அவள் காதுகளைக் கையால் தொட்டுக் கும்பிடாத குறை.

அது பழைய காலம். காது போகத் தொடங்கியது கேத்தலில். அடுப்பில் தண்ணீர் கொதித்து அது விசிலடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற செலீனுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஹோலில் இருந்த பேனாட் வந்து நிறுத்தினார். பிறகு காரின் சிக்னல் சத்தம் போனது. அடுத்த வசந்தத்தில் இந்த முறை குருவிகள் பிந்திவிட்டன என்று நினைத்தாள். பிறகு கோயிலில் சின்னப் பிள்ளைகள் கதைப்பது வெறும் வாயசைப்பாகிப் போனது. பரிசோதித்த பெண் நல்ல பிள்ளை, மெதுவாகத்தான் சொன்னாள். மேல் சத்தங்கள் போய்விட்டன, இனித் திரும்பாது, நீராவிப் பொறிக்குப் பக்கத்தில் நின்ற வருடங்களில் தொடங்கியிருக்கும் என்றாள். காதில் வைக்கிற மெஷினையும் கொடுத்தாள். செலீன் அதைக் கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் செபமாலைக்குப் பக்கத்தில் போட்டாள். அது அங்கேயே கிடந்தது.

சொல்லித் தொலைத்திருக்கலாம். பேனாட்டின் சிறுநீரகம் பழுதாகி அவர் கிழமையில் பாதி நாள் ஆஸ்பத்திரி மெஷினோடு கிடந்தார், வீட்டில் உழைக்கிற கை அவளுடையது மட்டும்தான், அதெல்லாம் உண்மை. ஆனால் கீழே பெட்டி கட்டுகிற வேலையென்றாலும் றெமி கொடுத்திருப்பார், அதுவும் உண்மை. உள்ளே இருந்த காரணம் வேறு. இந்த மொன்றியலில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில், ‘இதை உன்னைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை’ என்று யாரும் அவளிடம் சொன்ன ஒரே இடம் அந்த அறை. அதை விட அவளுக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஏமாற்றினாள். நேரம் போகப் போக அதுவும் கை வந்த வித்தையாகிவிட்டது. தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துக் கீறலைக் கண்ணால் பிடித்தாள். மேசைப் பலகையில் விரலை வைத்து அடித்தாளத்தைத் தொட்டு உணர்ந்தாள். பாதிப் பாட்டுகள் முன்பே ஒருமுறை வெளியிட்டு, விற்று முடிந்து, மறுபடி வெளியிடுகிறவை. காது நன்றாக இருந்த காலத்தில் கேட்டதெல்லாம் தலைக்குள் அப்படியே இருந்தது. இல்லாத சத்தத்தை அவள் மனம் தானே நிரப்பிக்கொண்டது. பொறிகளும் ஒழுங்காக ஓடின. இரண்டு வருடம் கடவுள் காப்பாற்றினார் என்று அவள் சொல்லுவாள்.

அவள் பாடுகிற கோயில் பாடகர் குழுவுக்கும் தெரிந்துதான் இருந்தது. போன பெரிய வெள்ளிக்கிழமை பசாம் பாடும்போது பக்கத்தில் நின்ற அக்னெஸ், குரலை எடுக்க வேண்டிய இடம் வந்ததும் யாரும் பார்க்காமல் செலீனின் முழங்கையில் விரலால் தட்டினாள். பூசை முடிந்து ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி நடப்பதில் எங்கள் சனத்தை அடிக்க ஆளில்லை.

இந்த நேரத்தில்தான் நிதின் வந்தான். மதுரைப் பக்கத்துப் பையன், படிக்க வந்து, படிப்பு முடிந்து, படித்த வேலை கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவன். பூங்காவில் தமிழ்ச் சத்தம் கேட்டு அவனோடு கதை கொடுத்த செலீன்தான் றெமியிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவன் பொறியைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டான். அவனுடைய வேலை அனுமதி அந்த ஒரே ஆலைக்கு மட்டும்தான். வேறு எங்கும் கை வைக்க முடியாது. அதை நம்பி அவன் போன இலையுதிர் காலத்தில் மனைவி தீப்தியையும் கூப்பிட்டுக்கொண்டான். மதியத்தில் செலீனும் அவனும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அவன் ‘ஆன்ட்டி’ என்பான், அவள் ‘தம்பி’ என்பாள். அவளுடைய மீன் குழம்பு அவனுக்குப் புளிக்கும், அவனுடைய சாம்பார் அவளுக்கு இனிக்கும். இருந்தும் மாற்றிச் சாப்பிடுவார்கள்.

ஜனவரிக் குளிரில் டாக்கெட் சகோதரர்களின் பெட்டி மறுவெளியீட்டுக்கு வந்தது. கென்டக்கியில் ஏதோ ஒரு தகரக் கூரைத் தேவாலயத்தில் மழை நாளில் பதிவு செய்த பாட்டுகள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாட, பின்னால் பாட்டு முழுக்க மழை சொரிந்துகொண்டே இருக்கும். முதல் வெளியீட்டின்போது அந்த மழையைக் கழுவித் துடைக்கப் பார்த்தார்கள். கூடாது என்று மல்லுக்கு நின்றவள் செலீன்தான். அந்த மழையாலேயே அது பேர் வாங்கியது. வாங்கினவர்கள் எழுதியதெல்லாம் மழையைப் பற்றித்தான். உலகத்தில் அவளுக்குப் பிடித்த சத்தம் ஒன்று இருந்ததென்றால் அதுதான்.

பொறி ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நிதின் அதை நிறுத்திவிட்டு, ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான்.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம் இதைக் கேளுங்களேன். பாட்டுக்குப் பின்னாடி என்னமோ துணி கிழியற மாதிரி வருது. சூடு பத்தலையோன்னு சந்தேகமா இருக்கு."

சூடு குறைந்தால் பிளாஸ்டிக் உருகிப் பள்ளங்களுக்குள் முழுதாக இறங்காது. ஊசி அந்த இடத்தில் ஓடும்போது மெல்லிசாகக் கிழியும். காது உள்ளவன் பிடித்துவிடுவான். செலீன் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அண்ணனும் தம்பியும் எங்கோ கம்பளிக்குப் பின்னால் நின்று பாடினார்கள். கிழிசல் இல்லை. மழையும் இல்லை. ‘எனக்குக் கேட்கேல்லைத் தம்பி’ என்று சொல்ல வாய் வரை வந்தது. பையன் கண் கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அது மழை தம்பி," என்றாள். "தகரக் கூரை மழை. அது இருக்க வேணும். நீர் போய் அடியும்."

"மழை தனியா கேக்குது ஆன்ட்டி. இது அதுக்கு மேல..."

"எத்தினை வருசமா நான் இதைக் கேக்கிறன்? சொல்லுறன் எல்லே, மழை எண்டு."

வேறு எவனாவது என்றால் வாய்ச்சண்டை பிடித்து றெமியைக் கூப்பிட்டிருப்பான். கீழே வேலை செய்த கெபெக் பையன்கள் ஒருவனும் அவள் சொன்னதுக்காகத் தன் காதைப் பொய்யாக்கியிருக்க மாட்டான். இவன் எங்கள் பிள்ளை. தாய் வயதில் இருக்கிற ஒருத்தி, தனக்கு வேலை எடுத்துத் தந்தவள், முகத்தைச் சுளித்தால் எதிர்த்துக் கதைக்க அவனுக்கு நாக்கு எழும்பாது. "சரி ஆன்ட்டி" என்று சொல்லிக் கீழே இறங்கினான். பொறி மறுபடி ஓடியது. அடித்து முடித்த தட்டுகள் எல்லாம் நீலத் துண்டோடு பெட்டிக்குள் போய் உலகம் முழுவதும் பறந்தன.

மாசி முடிய முன்பே திரும்பி வரத் தொடங்கின. மழையைக் கேட்க ஆசைப்பட்டவர்களுக்கு யாரோ படுக்கை விரிப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. ஜெர்மன் ரயில்வேக்காரரும் திருப்பி அனுப்பியிருந்தார், இந்த முறை சொக்லேட் இல்லாமல். அடுக்கிய பெட்டிகள் ஆலையின் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றன. றெமி செலீனையும் நிதினையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆள் இரண்டு நாளாகச் சவரம் செய்திருக்கவில்லை.

"ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள் செலீன்," என்றார். "நீங்கள் கேட்ட தட்டுகளில் இந்தக் கிழிசல் இருந்ததா?"

இருந்தது என்றால் காதுக் கதை வெளியே வரும். இல்லை என்றால், அவள் கேட்ட பிறகுதான் பொறி கெட்டது, ஓட்டியவன் கவனிக்கவில்லை என்று ஆகும். நடுவில் மூன்றாவது வழி கிடையாது. நிதின் இப்போது வாயைத் திறப்பான், ‘நான் வந்து கேட்டேனே’ என்று சொல்லுவான் என்று காத்திருந்தாள். சொல்லியிருந்தால் நல்லது என்றுகூட அந்த நேரத்தில் அவளுக்கு இருந்தது. அவன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் கேட்டதெல்லாம் சுத்தமாக இருந்தது," என்றாள் செலீன்.

றெமி தலையை ஆட்டினார். அவ்வளவுதான் விசாரணை. அந்த வெள்ளிக்கிழமையோடு நிதினுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அனுமதி இல்லை. வேறொரு முதலாளி பிடித்து, புதிதாகக் கடதாசி போட்டு, அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். முதலாளிகள் வரிசையில் நின்று கூப்பிடுகிற காலமா இது? செலீன் வீட்டுக்கு வந்து அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்து, அது அடிப்பிடித்துக் கரியாகும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நிதின் அவள் வீட்டுக்கு வந்தான். கதவு மணி அவளுக்குக் கேட்கவில்லை, பேனாட்தான் திறந்தார். பனி உருகிக் கறுத்த சேறு அவன் சப்பாத்தில் அப்பியிருந்தது. கையில் டாக்கெட் சகோதரர்களின் பெட்டி. அதைப் பார்த்ததும், கணக்குத் தீர்க்க வந்துவிட்டான் என்றே செலீன் நினைத்தாள்.

பேனாட் தேநீர் போட்டார். பையன் கதிரை நுனியில் உட்கார்ந்தான்.

"அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புறோம் ஆன்ட்டி. தீப்தி எல்லாம் கட்டி வச்சுட்டா. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்." அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "உங்ககிட்ட மன்னிப்பும் கேக்கணும். உங்க பேர் போட்ட பெட்டி. நான் அன்னைக்கு மேல வந்து கேட்டப்ப மழை மட்டும்தான் இருந்திருக்கு, நீங்க சரியாத்தான் சொன்னீங்க. அதுக்கப்புறம் சூடு இறங்கியிருக்கு. நான்தான் பாக்காம விட்டுட்டேன். உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

இந்த இடத்தில் அவளுக்குத் தலை நிமிரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பாவி, தன் காதைத் தானே பொய்யாக்கிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்கிறான். ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது, முழுதாக இல்லாவிட்டாலும் பாதியாவது. அன்றைக்குத் தனக்குத் தவறிவிட்டது என்று சொன்னால் அவன் மனம் ஆறும். காதுக் கதையை வெளியே விடவும் தேவையில்லை. அவளுடைய புத்தி அந்த நேரத்திலும் அப்படித்தான் ஓடியது.

"உதைப் போடும் தம்பி," என்றாள். "கேப்பம்."

மூலையில் பேனாட்டின் பழைய ரெக்கோட் பிளேயர் இருந்தது. நிதின் தட்டை இரண்டு கையாலும் எடுத்து வைத்து ஊசியை இறக்கினான். செலீன் பக்கத்தில் போய் நின்றாள். கம்பளிக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் பாடத் தொடங்கினார்கள். அவள் கண்ணை மூடி, பல வருடங்களாகப் பழகிய மாதிரித் தலையைச் சரித்துக் கவனமாகக் கேட்டாள். கொஞ்சம் பொறுத்து முகத்தைச் சுளித்தாள்.

"ஓம். கேக்குது. கிழியுது," என்றாள். "இதிலையும் இருக்குத் தம்பி. அண்டைக்கும் இருந்திருக்கு, எனக்குத்தான் தவறிப்போச்சு. நான் மழை எண்டு நினைச்சிட்டன். உம்மிலை பிழை இல்லை."

கண்ணைத் திறந்தாள். நிதின் அவளை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பேனாட் கோப்பையைக் கீழே வைத்திருந்தார்.

"ஆன்ட்டி," என்றான். "இது பழைய வெளியீடு. நல்ல காப்பி. உங்களுக்கு அந்த மழை பிடிக்கும்னு தேடி வாங்கிட்டு வந்தேன். இதுல கிழிசல் எதுவும் இல்ல."

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. செலீன் அதன் மேல் விழுந்த ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"மழை கேக்குதா ஆன்ட்டி?" என்று நிதின் கேட்டான்.

அவன் அவளுக்குப் பின்பக்கமாக நடந்து போய் அங்கிருந்து ஏதோ சொன்னான். அப்படிச் சொன்னான் என்பது பேனாட் நிமிர்ந்து பார்த்ததில்தான் அவளுக்குத் தெரிந்தது. திரும்பியபோது பையனின் முகம் மாறிப்போயிருந்தது. கோபம் வந்திருந்தாலும் பரவாயில்லை. அவன் மனதுக்குள் அந்த ஜனவரி நாளுக்குத் திரும்பிப் போய், மேலே ஏறி வந்து, அவள் ஹெட்போனை மாட்டியதைப் பார்த்து, கீழே இறங்கிப் போனதெல்லாம் ஒவ்வொன்றாக முகத்தில் தெரிந்தது.

"அன்னைக்கும் கேக்கலயா?" என்றான், இந்த முறை அவளுக்கு நேரே நின்று.

"இல்லை," என்றாள் செலீன்.

அவன் ஊசியைத் தூக்கி ஓரத்தில் வைத்தான். சத்தம் வராமல், பக்குவமாக. சப்பாத்தைப் போடக் குனிந்தவன் நெடுநேரம் நாடாவோடு மல்லுக்கட்டினான். பெட்டியை மறந்தோ மறக்காமலோ மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

பேனாட் கோப்பைகளை எடுத்தார். "நீர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் செலீன்," என்றார். "கேத்தல் நாளிலை இருந்தே எனக்குத் தெரியும். பின்னாலை நிண்டு நான் உம்மோடை கதைக்கிறதை விட்டுக் கனகாலம். ஆனா அந்த வேலையிலை நீர் இதை வைச்சுக்கொண்டு இருக்கிறீர் எண்டு நான் நினைக்கேல்லை. றெமியிட்டைச் சொல்லியிருப்பீர் எண்டு நினைச்சன்."

திங்கட்கிழமை முதல் வேலையாக அவள் றெமியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தனக்கு மேல் சத்தம் கேட்பதில்லை என்றாள். இரண்டு வருடமாகக் கேட்பதில்லை. நிதின் தட்டை மேலே கொண்டுவந்து காட்டினான், மழை என்று சொல்லி அனுப்பியவள் தான்தான், அவனை மறுபடி எடுங்கள், அனுமதிக்கு எழுதிக் கொடுங்கள் என்றாள். பிரெஞ்சு தட்டுத் தடுமாறி வந்தது, ஆனால் எல்லாவற்றையும் சொன்னாள்.

றெமி முதலில் புன்னகைத்தார். "உங்கள் ஊர்ப் பையன். உங்களுக்கு மனம் கேட்கவில்லை. புரிகிறது. ஆனால் இப்படி ஒரு கதையைக் கட்ட வேண்டியதில்லை."

"அவர் என் ஊர் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஏதாவது பேசிப் பாருங்கள்," என்றாள்.

அவர் திரும்பினார். அவருடைய தோள் அசைந்ததைப் பார்த்தாள். மறுபடி அவள் பக்கம் திரும்பும்போது புன்னகை இல்லை. மேசை ஓரத்தில் நீலத் துண்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. இரண்டு வருடத்துப் பெட்டிகள், அத்தனைக்குள்ளும் அவள் பெயர். இந்தக் கதை வெளியே போனால் எந்தப் பெட்டி தப்பும்? அவர் அதைத்தான் நினைத்தார் என்பதைக் காது வைத்துக் கேட்க வேண்டியதில்லை.

"நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள்," என்றார் கடைசியில். "இப்படி எதுவும் என்னிடம் நீங்கள் சொல்லவில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள். நாளைக்கு வழமை போல வாருங்கள்."

வாயை அகலமாகத் திறந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அன்றிலிருந்து அவளோடு பேசும்போதெல்லாம் அப்படித்தான் பேசினார்.

வீட்டுக்குப் போனதும் நிதினுக்கு டெலிபோன் எடுத்தாள். நான் போய்ச் சொன்னேன், அவர் ஏற்கவில்லை, வேறு யாரிடம் சொல்ல வேண்டுமென்றாலும் வந்து சொல்கிறேன் என்றாள். மறுமுனையில் ஏதோ முணுமுணுப்புப் போல வந்தது. டெலிபோனில் வாய் தெரியாது. பேனாட்டிடம் நீட்டினாள். பேனாட் காதில் வைத்துக் கனநேரம் கேட்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். பிறகு வைத்துவிட்டார்.

"என்னவாம்?"

"ஒண்டும் சொல்லேல்லை," என்றார் பேனாட்.

கனநேரம் ஒருவன் ஒன்றும் சொல்லாமல் இருப்பானா? அவள் மறுபடி கேட்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமைக்கு முன்பே நிதினும் தீப்தியும் போய்விட்டார்கள். அந்த வருடம் அக்னெஸ்தான் பசாமை எடுத்தாள். செலீன் கடைசி வாங்கில் இருந்தாள். கூப்பிட யாரும் வரவில்லை. கைப்பைக்குள் இருந்த மெஷினை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். பீங்கான் உடைகிற மாதிரி ஏதேதோ வந்ததே தவிர, பாட்டு வரவில்லை.

ஈஸ்டர் முடிந்து டாக்கெட் சகோதரர்களைத் திரும்ப அடிக்கத் தொடங்கினார்கள். திருப்பி அனுப்பியவர்களுக்கு இலவசமாகப் புதுப் பெட்டி, நீலத் துண்டோடு. பொறியில் இப்போது ஸ்டெஃபான் என்கிற கெபெக்காரன். முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். செலீன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். கம்பளிக்குப் பின்னால் இரண்டு பேர் தாயைப் புதைத்துவிட்டு வந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஹெட்போனைக் கழற்றினாள். அவன் வாயைப் பார்த்தாள்.

"மழைதானே இது மதாம்?" என்று ஸ்டெஃபான் கேட்டான். மழைக் கதை ஆலையில் எல்லோருக்கும் தெரியும்.

"தெரியாது," என்றாள் செலீன். "எனக்குக் கேட்கவில்லை."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஜெர்மனியிலிருந்து சொக்லேட் வந்த காதுகள் அல்லவா. அவள் தோளில் செல்லமாகத் தட்டிவிட்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே படியிறங்கிப் போனான். அவள் எழுந்து கதவு வரை போய்க் கூப்பிட்டாள். அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, அவன் திரும்பவில்லை. சிறிது நேரத்தில் கீழே பொறி ஓடத் தொடங்கியதை அவள் கால் வழியாக உணர்ந்தாள்.